விம்மல்

அவளும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நாற்றுக் கொட்டகைக் கருவியின் மின்பொறிக் கம்பிகள் இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்தது. ஒன்று பளபளத்தது. மற்றது நுனி கரைந்து குட்டையாகியிருந்தது.

"இது தேறாதுடி. லேத் பட்டறையில புதுசு சொல்லியிருக்கேன். சந்தைக்குப் போயிட்டு வர்ற வழியில வாங்கிட்டு வந்துடறேன்."

அம்மா மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிப் பிழைத்தவள். கை நடுங்க ஆரம்பித்ததும் வீட்டுக்குப் பின்னால் நாற்றுக் கொட்டகை போட்டாள். பொறியியல் படித்த மகள் அதற்கு ஒரு கருவி செய்து கொடுத்தாள். கம்பிகளுக்கு நடுவே எரியும் பொறி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தண்ணீரில் சேர்க்கும். அந்தத் தண்ணீர்தான் நாற்றுக்கு உரம். தெருவில் அம்மாவுக்கு 'மின்னல்காரி' என்று பெயர் விழுந்தது.

பொறி ரீங்கரிக்கும். கம்பிகளின் இடைவெளி கூடினால் சுருதி இறங்கும், தண்ணீரில் சத்தும் குறையும். அம்மா சரியான சுருதியைக் கூடவே முனகுவாள். ஒத்துப்போனால் ஒரே சத்தம். பிசகினால் இரண்டும் மோதிச் சத்தம் ஏறி இறங்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு விம்மல் என்று பெயர் என்றாள் மகள்.

"மெஷினுக்கு என்னடி துக்கம், விம்முறதுக்கு?"

"உன் பாட்டைக் கேட்டா அதுக்கு அழுகை வராதா?"

"வாயைப் பாரு வாயை!"

சந்தை வாசலில் அம்மா சரிந்து விழுந்தாள். வீட்டுக்கு உடல்தான் வந்தது.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மகள் கொட்டகைக்குள் நுழைந்தாள். நாற்றுகள் வெளுத்திருந்தன. பழைய கம்பியோடு கருவியை முடுக்கினாள். சத்தம் ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

ஒற்றைச் சத்தம் தானாக விம்மாது. இரண்டு வேண்டும்.

தான்தான் முனகுகிறோமோ என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தது. மின்விசிறியை நிறுத்தினாள். பம்பை நிறுத்தினாள். விம்மல் ஓயவில்லை. கடைசியில் பொறியை அணைத்தாள்.

விம்மல் நின்றது. ரீங்காரம் நிற்கவில்லை. சரியான சுருதியில், ஏற்ற இறக்கமில்லாமல், ஒரு மூச்சு நேரம் கேட்டது. பிறகு மூச்சு தீர்ந்தது போல அறுந்தது.

லேத் பட்டறைக்காரர் போன் செய்தார். அவருக்கு விஷயம் தெரியாது.

"கம்பி ரெடிம்மா. அம்மாவை இன்னும் காணோமே?"

"வருவாங்க" என்றாள்.

புதுக் கம்பி போட்டால் நாற்று பிழைக்கும். சுருதி சேர்ந்துவிடும். அப்புறம் அதில் அம்மா எது என்று பிரிக்க முடியாது.

தட்டுகளில் நாற்று நாளுக்கு நாள் மஞ்சளாகிறது. கம்பி, அம்மா பெயர் எழுதிய காகிதத்தில் சுற்றியபடி, பட்டறையிலேயே கிடக்கிறது.