அவளுக்குச் சேர்ந்த புண்ணியம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி மாதம், ஓர் அதிகாரி ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்து, எங்கள் வறுமையெல்லாம் தீரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். கிணறுகள் வற்றி, காற்றும் புழுதியும் மட்டும் தாராளமாகக் கிடைத்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் மகளிர் சங்கத்துப் பெண்களை உட்காரவைத்து அவர் பேசினார். வெளிநாடுகளில் சின்னச் சின்னத் தீவுகள்கூட ஊர் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பியே தலை நிமிர்ந்துவிட்டனவாம். "நீங்க யாரையும் தேடிப் போக வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் உங்க வாசல் வழியாத்தான் போகுது. அவங்களும் சுற்றுலாப் பயணிகள்தான். ஆளுக்கு ஒரு டீ, ரெண்டு இட்லி வித்தாலே போதும்" என்றார்.

"டீ போடறதுக்குத் தண்ணி வேணுமேங்க சார், அது எந்தத் தீவுல இருந்து வரும்?" என்று கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள். அதிகாரிக்கு முகம் சிறுத்துப்போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அந்த வயதில் தெரியாது, இப்போதும் தெரியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை. என் அடுத்த வீட்டுக்காரி. புருஷன் இல்லை, ஒரே மகள். அந்தப் பெண் தாராபுரத்தில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நான் சாலையோரம் தையல் மிஷின் போட்டிருந்தேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தப் பெண் நேராக என்னிடம் வந்து, ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு வைத்துக் கொடுத்துக்கொண்டே அன்றைய பாடத்தைச் சொல்லுவாள். தவளைக்கு இதயத்தில் மூன்று அறைதான் என்று எனக்குத் தெரிந்தது அவளால்தான்.

அந்தப் படிப்பு ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சித்தப்பனுக்கு, அதாவது என் பக்கத்து வீட்டுக்காரியின் கொழுந்தனுக்கு, பெண்ணை நூல் மில்லுக்கு அனுப்பிவிட வேண்டும். "மில்லு வேனு ஊட்டு வாசலுக்கே வருது. ஹாஸ்டலு, சோறு எல்லாம் அவியளே பாத்துக்கறாங்க. பொட்டப்புள்ள படிச்சுக் கிழிச்சது போதும்" என்று தினமும் வந்து நிற்பான். அதிகாரி பேசிவிட்டுப் போன அன்று அவள் கொழுந்தனிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். தைப்பூசத்துக்கு இட்லிக் கடை போடுவது. அதில் கையில் ஏதாவது நின்றால் மகள் பன்னிரண்டாவது முடிக்கிற வரை அவன் வாயைத் திறக்கக் கூடாது. நிற்கவில்லையென்றால் மகளை மில்லுக்கு அனுப்பிவிடுவது. "பந்தயம் கட்டறதுக்குப் புள்ளையா கெடச்சுது?" என்று திட்டினேன். "வேற எதுங்க்கா இருக்குது என்றகிட்ட?" என்றாள்.

இருந்த வெள்ளாடுகளை விற்று அரிசியும் உளுந்தும் வாங்கினாள். என் கடைக்குப் பக்கத்திலேயே நாலு சவுக்குக் கழி நட்டுத் தென்னங்கீற்று வேய்ந்தோம். குழாயடியில் காத்துக் கிடந்து தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்தோம், மாவை என் வீட்டுக் கிரைண்டரில் ஆட்டினோம். தை பிறந்ததும் கூட்டம் வர ஆரம்பித்தது. பச்சை வேட்டியும் மஞ்சள் சேலையுமாக, தோளில் காவடியோடு, விடியற்காலைப் பனியில் அரோகரா சொல்லிக்கொண்டு வந்தார்கள். கொப்புளம் வெடித்த காலோடு வருகிறவர்களுக்கு அவள் ஒரு அண்டாவில் வெந்நீர் வைத்திருந்தாள். காலில் ஊற்றிக்கொள்ள உட்கார்ந்தவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள், காசையும் கேட்காமலே கொடுத்தார்கள். அந்த அதிகாரி சொன்னது பொய்யில்லை போலிருக்கிறதே என்று நானே நினைத்தேன். கொழுந்தன் கடைப்பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

பூசத்துக்கு முந்தின நாள் சாலைக்கு எதிர்ப்புறம் லாரி வந்து நின்றது. பக்கத்து ஊரில் பிறந்து, கோயமுத்தூர்ப் பக்கம் நூல் மில் வைத்திருந்த ஒரு முதலாளியின் ஆட்கள் இறங்கி, புளியமரத்தடியில் சாமியானா போட்டார்கள். அன்னதானம். தக்காளி சாதம், கேசரி, நீர்மோர் எல்லாம் இலவசம். ஓசியில் கிடைக்கிறதை விட்டுவிட்டுக் காசு கொடுத்துத் தின்ன யார் வருவார்கள்? அன்றைக்கு அவள் அவித்த இட்லியில் பாதியை எங்கள் தெருவே தின்றது. யாரைக் குற்றம் சொல்ல முடியும்? பசித்தவனுக்குச் சோறு போடுகிறவனைத் திட்டினால் நாக்கு அழுகாதா? "நாளைக்குத்தானுங்க்கா பெருங்கூட்டம். அந்த வரிசையில நிக்கப் புடிக்காதவிய நம்மகிட்ட வருவாங்க" என்று சொல்லி, அதுவரை சேர்ந்த காசுக்கெல்லாம் அரிசியும் உளுந்தும் வாங்கி, மிச்சமிருந்ததோடு ஊறப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலை சொன்னபடியே சாலை கொள்ளாத கூட்டம். பந்தலில் ஆக்கி வைத்தது சீக்கிரமே தீர்ந்துபோய், அடுத்த அண்டா அடுப்பில் ஏறியிருந்தது. திடீரென்று ஜனங்கள் சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார்கள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஈடு ஈடாக அவித்துக் கொட்டினாள். நான் மிஷினை விட்டுவிட்டு இலை போட்டேன். மகள் சட்னி ஊற்றினாள். சாப்பிட்டவர்கள் கை கழுவினார்கள், எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள், நடையைக் கட்டினார்கள். ஒருவர் போனார், ஒரு குடும்பம் போயிற்று, ஒரு காவடிக் கூட்டமே போயிற்று. கடைசியில் அவள் ஒரு பெரியவரிடம், "சாமி, காசுங்க" என்றாள்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "அன்னதானம்னு மைக்குல சொன்னாங்களேம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை காதில் விழுந்தும் மண்டையில் ஏறாமல் இருந்த மைக் சத்தம் அப்போதுதான் புரிந்தது. "பந்தல்ல சோறு வெந்துக்கிட்டு இருக்குதுங்க. பசியா இருக்கற சாமிங்கல்லாம் எதுத்தாப்புல இருக்கற கடைக்குப் போயி இட்லி சாப்பிடுங்க. அதுவும் முருகனோட அன்னதானந்தானுங்க!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மைக் பிடித்திருந்தவன், "மொதலாளிதானுங்க சொல்லச் சொன்னாரு" என்றான். முதலாளி வெள்ளை வேட்டியில், நெற்றி நிறைய திருநீற்றோடு நாற்காலியில் இருந்தார். "ஏனுங்க, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு ஒடைக்கறீங்களே, இது உங்களுக்கே ஞாயமா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "சாமிங்க பசியோட நிக்கறப்ப கணக்குப் பாக்க முடியுங்களா அம்மணி? நான் வாரேன், போங்க" என்றார். நான் திரும்பி வருவதற்குள் மாவுப் பானை காலி.

முதலாளி வந்தார். பின்னால் ஊரே வந்தது, கொழுந்தனும் வந்தான். ஒரு ஜரிகைத் துண்டை விரித்து அவள் தோளில் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் அந்தத் துண்டோடு நின்றபடி, எனக்கு இன்றும் மறக்காத ஒரு குரலில், "இட்லிக்குக் காசுங்கய்யா" என்றாள்.

முதலாளியைப் பார்த்தேன். அவருக்கு உண்மையாகவே அதிர்ச்சி. "அன்னதானத்துக்குக் காசு வாங்கலாமா கண்ணு? அந்தக் காசை நான் குடுத்துப்போட்டன்னா புண்ணியம் என்னோட கணக்குக்கு வந்துருமே. உனக்குச் சேர வேண்டியதை நான் புடுங்கிக்கறதா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்" என்றார். நடிப்பில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் அதை நம்பினார். அதைவிடக் கொடுமை, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். காலையில் அவள் கை இட்லியைத் தின்ற வாய்களும் அதில் இருந்தன. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா உறைக்கவில்லை?

"வேற என்ன வேணுமோ கேளு, செய்யறேன்" என்றார் முதலாளி.

கொழுந்தன் முன்னால் வந்தான். "மொதலாளி, இவிய புள்ளைக்கு உங்க மில்லுல ஒரு வேலைங்க..."

"இவ்வளவுதானா? அடுத்த வாரமே வேன் வரும்" என்றார். மறுபடியும் கைதட்டல். மகள் சட்னி வாளியைக் கையில் பிடித்தபடியே அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். வாக்குக் கொடுத்திருந்தாளே. நான்தான் கத்தினேன், அழுதேன், ஆண்கள் இருவர் என்னைப் பிடித்து என் மிஷினுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

வேன் சொன்னபடி வந்தது. அந்தப் பெண் புத்தகங்களைப் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டுப் போனாள். ஆடிப் பெருக்குக்கு லீவில் வந்தபோது ஆள் இளைத்து, ஓயாமல் இருமினாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. பாடம் எதுவும் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊருக்குள் மட்டும் ஒரு பேச்சு பரவியது. குழாயடியில் ஒருத்தி என்னிடமே சொன்னாள்: "தைப்பூசத்தன்னிக்கு சாமிங்களுக்கு இட்லி போட்ட புண்ணியம், பாருங்க, புள்ளைக்கு வேலை கெடச்சுப்போச்சு." குடத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்காரியிடம் போனேன். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊருல என்னென்னமோ பேசறாங்க. நீயுமா அப்பிடி நெனைக்கற, அம்மணி?"

கையில் இருந்த கல்லை வாசல் பக்கம் எறிந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெனச்சுக்கிட்டாத்தானுங்க்கா தூக்கம் வருது."