மாமா காட்டிய கடல்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடிதம் எழுதிப் பழக்கம் உண்டு. அதிலும் எல்லோரும் சுகம், இங்கே மழை இல்லை என்பதற்கு மேல் எனக்கு ஓடாது. நாலு பேர் கூடியிருந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள், நாலு பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது எனக்கே சரியாகப் படவில்லை. ஒரே ஒரு நாள் நடந்ததை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். இத்தனை வருஷம் இதை நான் சொல்லாததற்குக் காரணம் மாமா. அவர் போன ஆடியில் காலமானார். இனிச் சொன்னால் யாருக்கும் குறைவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது பதினேழு வயதுக்காரி. தாய் தகப்பன் சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தது அவர்களுடைய அண்ணன், அதாவது என் மாமா. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் சித்தி மாமா வீட்டிலேயேதான் இருந்தாள். அவள் புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தவர்கள் கொழும்புக்குப் போகவேண்டுமானால் தூத்துக்குடியில் கப்பல் ஏறவேண்டும். சித்திக்குக் கடல் என்றால் பயம். இத்தனைக்கும் கடலை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

தண்ணீருக்குப் பயந்தவள் என்று சொல்லிவிட முடியாது. ஆற்றில் கழுத்தளவில் நின்று எனக்கு நீச்சல் பழக்கியவளே அவள்தான். கேட்டால், "ஆத்துக்கு அக்கரை இருக்குட்டி. அக்கரை தெரியாத தண்ணியில மனுசன் எப்பிடி எறங்குவான்?" என்பாள். புருஷனைப் பிடிக்காமலும் இல்லை. அவர் அனுப்பியிருந்த சாந்துச் சிமிழைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

இரண்டு தடவை நாள் குறித்தார்கள். முதல் தடவை காய்ச்சல் வந்தது. நிஜமான காய்ச்சல்தான், அம்மா தொட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் தடவை ஊர் எல்லையில் வண்டியிலிருந்து குதித்து, புதுச்சேலையோடு வாழைத்தோட்டத்துக்குள் ஓடிவிட்டாள். பிறகு அவள் புருஷனின் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. தானும் மனைவியும் இன்ன தேதியில் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போவதாகவும், அந்தக் கப்பலிலும் பெண் வராவிட்டால் தம்பிக்கு வேறு இடம் பார்ப்பதைத் தவிர வழியில்லை என்றும் எழுதியிருந்தார். மாமா அந்தக் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டே திரிந்தார்.

கப்பல் நாள் நெருங்கியபோது மாமாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. பார்க்காததால் வந்த பயம் பார்த்தால் போய்விடும் என்பது அவர் கணக்கு. முந்தின நாளே ஒரு வில்வண்டி அமர்த்தி, சித்தியை ஆறு கடலில் சேரும் இடம்வரை கூட்டிப்போய், திட்டு திட்டாக இருக்கும் தீவு ஊர்களையும் கடற்கரையையும் காட்டி, தோணியில் வைத்துக் கொஞ்ச தூரம் கடலுக்குள்ளேயும் கொண்டுபோய்த் திரும்புவது என்று தீர்மானித்தார். நானும் வந்தால்தான் வருவேன் என்று சித்தி சொன்னதால் எனக்கும் இடம் கிடைத்தது.

ஒரு காரணமும் இல்லாமல் எங்கள் தெருவில் வண்டி கட்டியது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டுக்காரர் வாயில் வேப்பங்குச்சியோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"எந்தக் கோயிலுக்குவே?"

"கோயிலுக்கு இல்ல. சும்மா ஊரு பாக்கப் போறோம்," என்றார் மாமா.

"துட்டியா? ஆரு செத்தது? மறைக்காம சொல்லும்."

"துட்டியும் இல்ல, கல்யாணமும் இல்ல. பாக்கப் போறோம்."

"ஊருல என்னவே இருக்கு பாக்க!" என்று அவர் குச்சியைக் கடித்தார். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

ஊர் தாண்டியதும் மாமா வண்டியின் திரையை ஒதுக்கிவிட்டார். சித்தி அவ்வளவு வயலை ஒருசேரப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். வெற்றிலைக் கொடிக்கால், வாழை, நாற்று, மறுபடி வாழை. மாமா ஒவ்வொன்றுக்கும் உடைமைக்காரர் பேரும் அவர்களுடைய குடும்பச் சண்டையும் சொல்லிக்கொண்டே வந்தார். கொற்கையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியபோது அவருக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"ஏட்டி, இந்த ஊருலதான் அந்தக் காலத்துல பாண்டியராசா கப்பல் கெடந்துச்சு. கடலு இங்கன இருந்துச்சு. இப்பம் பாரு, வயலு. கடலு மனுசனுக்குப் பயந்து அங்கன ஒதுங்கிப் போயிட்டு. அதப் போயி நீ பயப்படுதியே!"

சித்தி சுற்றிலும் பார்த்தாள். "ஒதுங்குனது திரும்பி வராதா அண்ணாச்சி?"

மாமா வண்டிக்காரர் பக்கம் திரும்பி, மாட்டைப் பூட்டச் சொன்னார்.

ஆற்றங்கரையில் தோணி காத்திருந்தது. மாமாவின் வாழைத்தார்களைக் கடலோர ஊர்களுக்குக் கொண்டுபோகிறவர் அந்தத் தோணிக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தார். சைவக்காரர்கள் ஏறுகிறார்கள் என்று தோணியைத் தேய்த்துக் கழுவி, புதுப்பாய் விரித்து, சாம்பிராணி வேறு போட்டு வைத்திருந்தார். மீன் வாடையும் சாம்பிராணி வாடையும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

அவர் வீடு ஒரு தீவில் இருந்தது. முதலில் அங்கே இறங்கினோம். பத்துப் பன்னிரண்டு ஓலைவீடுகள், உச்சியில் சிலுவை வைத்து வெள்ளையடித்த ஒரு சின்னக் கோயில், ஆடுகள். தோணிக்காரர் மனைவி இளநீர் வெட்டிக் கொடுத்தாள். நாங்கள் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சுத்தித் தண்ணியா இருக்கே, ராத்திரி உள்ள வந்திராதா?" என்று சித்தி அவளிடம் கேட்டாள்.

"ஐப்பசி கார்த்திகையில வரும் தாயி. வந்தா கட்டில்ல ஏறி இருந்துக்கிடுவோம். போனப்பொறவு எறங்கிக்கிடுவோம்."

"கட்டிலுக்கும் மேல வந்தா?"

"அதுக்குத்தான் வீட்டுக்காரரு தோணி வச்சிருக்காரு," என்று அவள் சிரித்தாள். சித்தியும் சிரித்தாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

தோணிக்காரர் மனைவியும் எங்களோடு ஏறிக்கொண்டாள். தோணி முகத்துவாரத்தை நோக்கிப் போயிற்று. ஆறு அகன்றுகொண்டே போனது. மாமா முன்பக்கம் உட்கார்ந்து, கப்பலில் போடும் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று தோணியின் மூக்கு மேலே போயிற்று. பிறகு கீழே வந்தது. மறுபடியும் மேலே. மாமாவின் பேச்சு பாதியில் நின்றது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முகம் மஞ்சளாகிவிட்டது. விடியற்காலம் சாப்பிட்டது, அவருக்குப் பசி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"வே, போதும். திருப்பும்," என்றார்.

"இன்னும் நாலு தள்ளு தள்ளுனா வெளிய போயிரலாம்யா. பைய கொண்டுபோறேன்."

"போதும்னா போதும்வே. திருப்பும்!"

தோணிக்காரர் திருப்பினார். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு நீண்ட மணல்மேடு கிடந்தது. அதன் உள்பக்கம் தண்ணீர் குளம்போலச் சாதுவாக இருந்தது. அங்கே தோணியை மணலில் ஏற்றினார்கள். மாமா இறங்கிக் கொஞ்ச நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பியபோது பழைய மாமாவாகிவிட்டார். கையை நீட்டி, குளம்போலக் கிடந்த அந்தத் தண்ணீரைக் காட்டினார்.

"பாத்தியா? இதுதான் கடலு. இவ்வளவுதான்."

தோணிக்காரர் வாயைத் திறந்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார்.

சித்தி தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் பனைமரம் தெரியுதே அண்ணாச்சி?"

"அதுதான் கொழும்பு," என்றார் மாமா. சொன்ன பிறகு அவருக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

எனக்கு ஒரே சந்தோஷம். கொழும்பு இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் என்று யார் நினைத்தது? கண்ணைச் சுருக்கிக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். "மாமா, கொழும்புல ஆடு மேயுது!"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். கடைசியில் சித்திதான் சொன்னாள். "மேயட்டுமே. கொழும்புல ஆடு இருக்கப்படாதாக்கும்?"

மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தேர் நிலைக்கு வரும்போது கூட்டத்திலிருந்து எழும்புமே, அந்த மாதிரிச் சத்தம். அது என்ன என்று கேட்டேன். பனங்காட்டில் காற்று என்றார் மாமா.

புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டோம். மாமா தோணி நிழலில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். தோணிக்காரர் மனைவி மெதுவாக, "ஒதுங்கணும்னா வாங்க தாயி," என்று எங்களைக் கூப்பிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போனாள்.

மேட்டின் உச்சிக்கு வந்ததும் சித்தி நின்றுவிட்டாள். மாமா காட்டிய கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு முடிவு இருந்தது. இதற்கு இல்லை. வானம் எங்கே தொடங்குகிறது என்று நான் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. தண்ணீர் நின்ற இடத்தில் நிற்காமல் எழுந்து எழுந்து எங்களைப் பார்த்து வந்தது. சித்தி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதாம்மா கடலு. ஐயா என்னத்தையோ சொல்லுதாக," என்றாள் தோணிக்காரர் மனைவி.

"தெரியும்," என்றாள் சித்தி. கொஞ்சம் பொறுத்து, "அண்ணாச்சி பயந்துட்டாக, இல்லையா?" என்று கேட்டாள்.

"மொத நாளு ஆருதான் பயப்படல? எங்க வீட்டுக்காரரு மொத நாளு வாந்தி எடுத்து, அவுக அப்பாவ நனைச்சவருல்லா."

சித்தி சிரிக்கவில்லை. "கப்பல்ல எம்புட்டு நேரம் கரை தெரியாம இருக்கும்?"

"ஒரு ராத்திரிதான்னு சொல்லுதாக. தூங்கிட்டா தெரியாது."

"தூக்கம் வராட்டா?"

அந்த அம்மாள் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எங்கள் வீட்டில் யாராவது பார்த்திருந்தால் சித்தியைக் குளிக்கச் சொல்லியிருப்பார்கள். சித்தி நகரவில்லை.

பிறகு அவள் எழுந்து தனியாகக் கீழே இறங்கிப் போனாள். தண்ணீர் வந்து அவள் முழங்கால்வரை ஏறியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மணல் காலடியில் ஓடியபோது தள்ளாடினாள், விழவில்லை. இன்னொரு அலை வந்தது. மூன்று தடவை நின்றுவிட்டுத் திரும்பி வந்து, என் தோளைப் பிடித்தாள்.

"மாமாட்ட இதச் சொல்லாத. சொன்னே, தோல உரிச்சிருவேன்."

நாங்கள் மேட்டைத் தாண்டி வந்தபோது மாமா எழுந்து உட்கார்ந்திருந்தார். சித்தி நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு நான் கப்பல்ல ஏறுதேன் அண்ணாச்சி. இந்தக் கடலுக்கா நான் பயந்தேன்! நம்ம குளம் இதவிடப் பெருசு."

மாமா அவளை அண்ணாந்து பார்த்தார். அவள் சேலையின் அடிப்பாகம் முழுக்க ஈரமும் மணலுமாக இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான்தான் அப்பமே சொன்னேம்லா," என்றார்.

வீடு திரும்பும்போது வண்டியில் அவர் வாய் ஓயவில்லை. கடலைக் காட்டியாகிவிட்டது, பயம் பறந்துவிட்டது என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் வண்டியை நிறுத்திச் சொன்னார். சித்தி ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள். சித்தி மாமாவை நன்றாக ஏமாற்றிவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அவளுக்குப் பயம் போய்விட்டது, அதை வேறு கடலில் வைத்துப் போக்கிக்கொண்டாள், அவ்வளவுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வழி முழுக்க அவள் என் கையைப் பிடித்திருந்தாள். வலிக்கிறது என்று சொன்னால் தளர்த்துவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகிவிடும். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கடல்தண்ணீர் லேசில் காயாது போலிருக்கிறது என்று நினைத்து, என் பாவாடையால் துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்க மறுபடியும் ஈரமாகிக்கொண்டே இருந்தது.

மறுநாள் சித்தி தூத்துக்குடியில் கப்பல் ஏறினாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, போனேன்.