பீடோரில் சும்மா நடந்த கதை

நான் இருக்கும் மேற்கு அயர்லாந்துச் சிற்றூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விநோதம் நடக்கும். ஊரில் பாதிப் பேர் காரை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போவார்கள். ஏதாவது வயலோரத்தில் நிறுத்துவார்கள். இறங்கி, மழையில் ஒரு வட்டம் நடந்து, மறுபடி அதே காருக்கு வந்து சேர்வார்கள். யார் வீட்டுக்கும் போயிருக்கமாட்டார்கள், ஒரு சாமானும் வாங்கியிருக்கமாட்டார்கள். ஆனால் முகத்தில் மட்டும் கல்லுமலை முருகனுக்குக் காவடி எடுத்துவிட்டு வந்த களை இருக்கும். மலேசியாவில், ஈப்போவில் இருக்கும் உங்களுக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எனக்கே வெகுநாள் புரியவில்லை.

என்னை அதில் இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டு நோரீன். தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவர். நான் அங்கே முதியோர் இல்லமொன்றில் ஆண் தாதி. முதல் நடையில், வசந்தகாலம், காட்டுப்பூண்டு பறிக்கலாம் என்றார்கள். பூண்டு என்றால் எனக்கு மண்ணுக்கடியில் இருப்பது. குச்சியால் தோண்டி, வேரோடு ஒரு கொத்தைப் பிடுங்கிப் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். கூட்டமே மூச்சை இழுத்தது. இலையை மட்டும் கிள்ளவேண்டுமாம். நோரீன் என் தோளைத் தட்டி, "யூ ஆர் கிராண்ட்" என்றார். பரவாயில்லை, நன்றி, வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறேன், எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரே சொல்தான். பிறகு காஞ்சொறி போன்ற ஒரு செடியில் சூப் குடித்தேன். கோடை முடிவில் கருப்புப் பெர்ரி பறித்து நாக்கு ஊதாவானேன். பாரம்பரியம் என்று ஒரு பாழடைந்த கல்வட்டத்தைச் சுற்றி நின்று பேசுவதைக் கேட்டேன். நடுவில் ஒரு முள்மரம். தேவதைகளுடையதாம், யாரும் கிளை ஒடிக்கமாட்டார்கள். தோட்டத்து முனியாண்டி மரத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது ஒன்றுதான் உடனே புரிந்தது.

போன வருடம் தங்கை கலாவின் நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்கு வந்தபோது நோரீனும் கூட வந்தார். வந்த மறுநாளே கேட்டார்: "குமார், உங்கள் ஊர் நாட்டுப்புறத்தில் எங்கே நடக்கலாம்?" யோசித்துப் பார்த்தேன். நம் ஆட்கள் நாட்டுப்புறத்தில் நடந்ததெல்லாம் ரப்பர் பால் வெட்டத்தான். இருந்தாலும் நான் பிறந்த தோட்டம் ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, பீடோருக்கு உள்ளே இருக்கிறது. ரப்பரெல்லாம் போய் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. நிச்சயம் மாலையில்தானே என்று காலையில் கிளம்பினோம். மச்சான் சேகர் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "போன் பண்ணு மச்சான், வந்து ஏத்திக்கிறேன்" என்று போய்விட்டான்.

நாங்கள் இருந்த லயத்து வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு சிமெண்டுத் தளம். "இதுதான் எங்கள் குளியலறை" என்றேன். நோரீன் தொப்பியைக் கழற்றிவிட்டு மௌனமாக நின்றார். அவ்வளவு மரியாதையை அந்தக் குளியலறை அதற்கு முன் கண்டதில்லை. ஓடையோரம் கூம்பிய பெரணிக் குருத்துகள் தளதளவென்றிருந்தன. மலாய்க்காரர்கள் 'பாக்கு' என்று சொல்லி, பறித்துச் சமைப்பார்கள் என்றதும் அவர் குனிந்துவிட்டார், நுனியை மட்டும் கிள்ளி, ஒரு பெரிய கட்டு.

நடந்துகொண்டிருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நிறுத்தினார். "அண்ணே, மோட்டார் கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே, சும்மா நடக்கிறோம்."

"சும்மாவா?" அவர் நோரீனைப் பார்த்தார். "இவங்களையுமா நடக்க விடுறீங்க?"

நோரீன் கையசைத்து, "வீ ஆர் கிராண்ட்!" என்றார்.

"கிராண்டா? அப்படி ஓட்டல் இங்க இல்ல லா. ஏறுங்க, டவுன்ல விடுறேன்."

இப்படியே ஆள் மாற்றி ஆள் நிறுத்தினார்கள். நோரீன் யாரோடும் ஏறுவதாக இல்லை. இதற்குள் எனக்கு வழி தப்பிவிட்டது. செம்பனை எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனைதான். சேகரைக் கூப்பிட போனில் லைன் இல்லை. தார் ரோட்டைக் கண்டபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் முழங்கால்வரை சேறு. அப்போது ஒரு வேன் நின்றது. ஓட்டியவன் ஓர் இளைஞன், பின்னால் வேட்டி சட்டையில் அவன் அப்பா, பட்டுச்சேலையில் அம்மா. "ஈப்போவா? ஏறுங்க" என்றார்கள். இந்தத் தடவை நோரீனைக் கேட்காமலே ஏற்றினேன்.

"நாங்க தெலுக் இந்தான். மகனுக்கு நிச்சயம்" என்றார் அப்பா. கலாவுக்குப் பார்த்த மாப்பிள்ளையும் தெலுக் இந்தான்தான். மாப்பிள்ளை பிரகாஷ் வீட்டாரை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் பார்த்த என் படங்களிலெல்லாம் மழைக்கோட்டுக்குள் மூக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிவிடலாமென்று வாயெடுப்பதற்குள் அவர் தொடர்ந்தார்.

"பொண்ணு தங்கம் தம்பி. அண்ணங்காரன்தான் ஒரு மாதிரி. அயர்லாந்துல இருக்கானாம். லீவுன்னா மழையில காட்டுக்குப் போயி புல்லு பறிச்சித் திங்கிறானாம். அத படம் புடிச்சி வேற போடுறான்."

"சும்மா இருங்க, நல்ல பையனாத்தான் இருப்பான்" என்றார் அம்மா.

"நல்லவன்தான். மண்டையில ஏதோ கழண்டிருக்கு. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளைக்கும் அது வந்துட்டா? இன்னொரு தடவ யோசிக்கலாமான்னு இருக்கு. ஆமா, மடியில என்ன தம்பி, புல்லு?"

நான் பெரணிக் கட்டை இறுகப் பிடித்தேன். கண்ணாடியில் மாப்பிள்ளையின் கண்கள் என்மேல். அந்த நேரம் பார்த்து நோரீன் ஆங்கிலத்தில் கேட்டார்: "குமார், உன் தங்கை கலாவின் நிச்சயத்துக்கு நேரமாகிவிட்டதா?"

அப்பா என்னையும் மடியிலிருந்த புல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னது... வேற அண்ணன்" என்றார் அப்பா.

"கலாவுக்கு ஒரே அண்ணன்தான், அங்கிள்."

பிரகாஷ் சிரித்த சிரிப்பில் வேனை ஓரங்கட்டவேண்டியதாயிற்று. அம்மா அப்பாவின் தோளில் ஓர் அறை வைத்தார். அப்பா ஈப்போ வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த 'இன்னொரு தடவ'யைத்தான் யோசித்துக்கொண்டு வருகிறாரோ என்று எனக்குப் பயம்.

வாசலில் ஆரத்தியோடு நின்ற என் அம்மா, மாப்பிள்ளை வேனிலிருந்து முதலில் நான் இறங்கியதைக் கண்டு தட்டைச் சாய்த்துவிட்டார். "எங்கடா போன?" "சும்மா நடந்தோம்மா." அந்தப் பதில் எதற்கும் உதவவில்லை.

குளித்துவிட்டு நான் ஓடிவருவதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. நோரீன் தாம்பூலத் தட்டில் இருந்த ஒன்றைக் காட்டி இது என்னவென்று கேட்டிருக்கிறார். யாரோ 'பாக்கு' என்றிருக்கிறார்கள். என்னிடமும் இருக்கிறதே என்று பெரணிக் கட்டை வெற்றிலைமேல் அழகாக அடுக்கிவிட்டார். தட்டு மாற்றும் நேரத்தில் பெரியவர்கள் அதையே பார்த்தார்கள். கலா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்தார். "அதுவும் பாக்குதான் லா. மாத்துங்க."

தட்டு மாறியது. விருந்தில் அந்தக் குருத்தை மிளகாய்ச் சம்பலோடு பிரட்டி வைத்தபோது, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரும் அவர்தான்.

கடைசியில் படம். பெண் வீட்டார் இடப்பக்கம், மாப்பிள்ளை வீட்டார் வலப்பக்கம். அம்மா என்னை இந்தப் பக்கம் இழுத்தார். மாப்பிள்ளையின் அப்பா, "நம்ம வேன்ல வந்த தம்பி" என்று அந்தப் பக்கம் இழுத்தார். கோடியில் யாருடைய சேலையிலோ நின்ற நோரீன் தன் பக்கத்தில் இடம் காட்டினார். படமெடுப்பவர் கேமராவை இறக்கினார்.

"அண்ணே, நீங்க எந்த வீடு? அங்கிட்டாச்சும் போங்க, இங்கிட்டாச்சும் வாங்க. நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் மறைக்குது."