ஏழாம் இடத்துச் செவ்வாய்

ஒரு பெண்ணின் ஜாதகத்தில், இல்லாத செவ்வாய் தோஷத்தை வைத்தவன் நான். பிழை என்று தெரிந்த பிறகும் வாய் திறவாதவன் நான்.

ஜாதகமே பொய்யாயிற்றே, பொய்யில் என்ன பிழை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்... அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இவ்வளவு காலமும் ஒளிந்திருந்தேன்!

இயற்பியல் பட்டம் பெற்ற கையோடு, அவிநாசிக் கோயில் வீதியில் நாச்சிமுத்து அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்தில் இயந்திரத்தைப் பராமரிக்கச் சேர்ந்தேன். மாலையில் மூடநம்பிக்கைக்கு எதிராகத் தெருமுனையில் பேசுவேன். பகலில் ஜாதகம் அச்சிடும் பெட்டியின் தூசியைத் துடைப்பேன். இந்த முரண் அப்போது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

சித்திரை வெயில். வைகாசி முகூர்த்தங்களுக்காகக் கூட்டம் வாசல்வரை நின்றது.

"ஏங்கண்ணு, இந்தப் பொட்டி என்ன எருமையாட்டப் படுத்துக்குது? வெளியில சனம் காத்துக் கெடக்குது பாரு!" என்றார் அண்ணன்.

"நாளைக்கே குதிரையாக்கிப் போடறனுங்கண்ணா."

எப்படி என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். கணக்குப் போடும் சில்லான பிராசசர் எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்பதை, மதர்போர்டில் ஜம்பர் எனப்படும் மிளகளவுப் பிளாஸ்டிக் மூடிகளே தீர்மானிக்கின்றன. ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்து ஊசிகளில் செருகினால், நூறு மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்டது நூற்று முப்பத்து மூன்றில் ஓடும். ஓவர்கிளாக்கிங் என்று அதற்குப் பெயர். ஒரே ஆலையில் பிறந்த ஒரே சில்லு; விலை மட்டும் வேறு! பணம் படைத்தவனுக்கு மட்டும்தானா வேகம்? எளியவனுக்குச் சேர வேண்டியதை மீட்டுக் கொடுப்பதாகவே எண்ணினேன்... எத்தனை உயர்ந்த எண்ணம், பாருங்கள்!

வேகம் கூடினால் சூடும் கூடும், பெரிய விசிறி பொருத்த வேண்டும், ஒரு நாள் முழுக்கக் கடினமான கணக்குகளைக் கொடுத்து விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்... இவையும் அதே பக்கத்தில் அச்சாகியிருந்தன. நான் எதையும் செய்யவில்லை. திரை ஒளிர்ந்தது. அதையே தேர்ச்சி என்று கொண்டேன்!

தாங்க முடியாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். நிற்காமல், தயங்காமல், அழகிய அச்சில் தவறான விடையைத் தரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு பிற்பகலில் கலாமணி தன் தகப்பனாருடன் வந்தாள். ஆர்.எஸ்.புரத்தில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன்; வந்து பெண் பார்த்துப் போயிருந்தார்கள்; இருவருக்கும் பிடித்துவிட்டது. பையன் வீட்டார் கேட்டது ஒன்றுதான்: கையால் எழுதிய பழைய ஜாதகம் வேண்டாம், கம்ப்யூட்டரில் போட்டது வேண்டும்.

"நல்லா வருமுங்களா?" என்று கேட்டாள்.

"அச்சா, பலனா?"

"ரெண்டுந்தானுங்க" என்று சிரித்தாள்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கையைச் சுட்டது. தாள் வந்தது. தகப்பனார் வாங்கிப் பார்த்தார். ஏழாம் இடத்தில் செவ்வாய்.

"இத்தனை நாளும் தோஷமில்லாம ஆறுலன்னுதானுங்க இருந்துச்சு... ஏனுங் தம்பி, மிஷினு தப்பாப் போடுமுங்களா?"

"போடாதுங்க" என்றேன்.

அந்தக் கணத்தில் அது பொய்யன்று, செருக்கு மட்டுமே. ஆனால் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் காலை, பெட்டி குளிர்ந்திருந்தபோது, அவளுடைய பிறந்த நேரத்தை மீண்டும் கொடுத்தேன். ஆறாம் இடம். வெயில் ஏறிய பின் மறுபடியும் கொடுத்தேன்... ஏழாம் இடம்! இரண்டு லக்னங்களின் விளிம்பில் பிறந்தவள் அவள். கணக்கு இழையளவு பிசகினாலும் லக்னம் மாறும். லக்னம் மாறினால் செவ்வாயின் இடமும் மாறும்.

ஜம்பரைப் பழைய இடத்தில் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. பேருந்து ஏறினால் அரை மணியில் அவள் வீடு. நான் ஏறவில்லை!

"அந்த ஆர்.எஸ்.புரத்து எடம் தோஷம்னு உட்டுப்போச்சாமப்பா" என்று அந்த வாரமே நாச்சிமுத்து அண்ணன் சொன்னார். திருத்திய பொய்யைக் கொடுத்தால் மட்டும் அது மெய்யாகிவிடுமா என்று எனக்குள் வாதிட்டேன். கிரகங்களை நான் நம்பவில்லை, சரி. அவள் நம்பியது கிரகங்களை மட்டுமா? என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் அல்லவா!

அந்தச் சித்திரையில் அச்சான மற்ற ஜாதகங்கள்? எவை சேர்த்துவைத்தன, எவை பிரித்துவைத்தன... எனக்குத் தெரியாது. இன்றும் யார் யார் வீட்டுப் பீரோவிலோ அவை இருக்கின்றன.

சில ஆண்டுகள் கழித்து, ஒன்று மட்டும் என்னைத் தேடி வந்தது.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும், எனக்கு அண்ணன் முறையான பெரியப்பா மகன், மனைவி ருக்மணியை இழந்து இரண்டு ஆண்டுகளாகத் தனியாக இருந்தார். தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். ஓரங்களில் துளையிட்ட, எனக்குப் பழக்கமான தாள். பெயர்: கலாமணி. ஏழாம் இடத்தில் செவ்வாய்.

"இவனுக்கும் தோஷம், அவளுக்கும் தோஷம், பொருந்திப்போச்சு. கம்ப்யூட்டர்ல போட்டதாக்கும்!" என்றார் பெரியம்மா.

இப்போது உண்மையைச் சொன்னால் இந்த வரனும் முறியும். அவள் இன்னும் எத்தனை காலம் காத்திருப்பாள்? இப்படி எண்ணி எண்ணி மௌனத்தையே நியாயமாக்கிக்கொண்டேன். இது அவளுக்காகவா, எனக்காகவா? நீங்களே சொல்லுங்கள்!

கலாமணி என் அண்ணியானார். அண்ணன் கெட்டவர் அல்லர். பட்டறையிலிருந்து வந்ததும், பழக்கத்தில், "ருக்கு..." என்றுதான் அழைக்கிறார். அண்ணி ஒருமுறையும் திருத்தியதில்லை. "வாரனுங்க" என்று எழுந்து போகிறார்.

சென்ற மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பிறந்த நேரத்தைச் சொன்னார் அண்ணி.

"நீங்களே போட்டுக் குடுங்க தம்பி. அன்னைக்கு எனக்குப் போட்டீங்களே... சொன்னபடியேதானுங்க நடந்துச்சு."

மறுவாரம் என் கம்ப்யூட்டரில் போட்டு எடுத்துச் சென்றேன். பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, விசிறிக்கு அருகே விரல் வைத்து, காலையிலும் பிற்பகலிலும் போட்டு ஒப்பிட்டிருந்தேன். சரியாகவே இருந்தது.

அண்ணி தாளை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "தப்பிருக்காதுங்களே?"

"இருக்காதுங்க அண்ணி."

இம்முறை அது உண்மை. ஆனால் என் காதில் விழுந்தது அன்றைய குரலேதான்...

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "ருக்கு..." என்றார் அண்ணன்.

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, கலாமணி எழுந்து போனார்.