எஸ்போசிட்டோ என்ற பெயரோடு ஏழாயிரம்பண்ணைக்கு

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கித் திங்கள் மாலையில் முடிந்த பயணம் இது. வெளிநாட்டுக்குத் தத்துப் போனவர்கள் பிறந்த ஊரைத் தேடி வந்தால் எங்கே போவது, என்ன காகிதம் வேண்டும் என்று இரண்டு வாசகர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். சந்தோஷமான கட்டுரையை எதிர்பார்த்து வந்தவர்கள் என் பழைய கொடைக்கானல் பதிவுக்குப் போய்விடலாம்.

நான் வேலை நிமித்தமாக மூன்று வருடம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் இருந்தேன். என் அலுவலகத்தில் மார்த்தா எஸ்போசிட்டோ என்று ஒரு பெண். நிறத்திலும் முகத்திலும் நம் ஊர்க்காரி, பேச்சில் முழு நேப்பிள்ஸ்காரி. நான்கு வயதில் தமிழ்நாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்டவள். இப்போது முப்பத்தைந்து.

எஸ்போசிட்டோ அங்கே சர்வசாதாரணமான குடும்பப் பெயர். நேப்பிள்ஸ் தெருவில் நின்று அப்படிக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள். அந்த நகரத்திலும் சுற்று வட்டாரத்திலும்தான் இவ்வளவு நெருக்கம். வடக்கே போகப் போகக் குறைந்துவிடும். பொருள் தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பெயரைச் சாதாரணமாகச் சொல்ல வரவில்லை. லத்தீனில் 'வெளியே வைக்கப்பட்டவர்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். வளர்க்க முடியாத குழந்தைகளை ஆதரவற்றோர் இல்லத்தின் சுவரில் பொருத்திய மர உருளைக்குள் வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே இருப்பவர்கள் அதைத் திருப்பிக் குழந்தையை எடுத்துக்கொள்வார்கள். அப்பன் பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். பின்னால் அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்று தடை வந்தது. அதற்குள் அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து ஊரெல்லாம் பரவிவிட்டது.

மார்த்தாவை வளர்த்த அப்பா ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். அவர் முன்னோர் ஒருவரும் அந்த உருளையில் கிடந்தவர்தானாம். "உன்னையும் வாசலில்தான் விட்டிருந்தார்கள். இந்த வீட்டில் அசல் எஸ்போசிட்டோ நீதான்" என்று சின்ன வயதில் மடியில் உட்காரவைத்துச் சொல்வாராம். பிரியமாகத்தான் சொன்னார். அவளும் அதை நம்பித்தான் வளர்ந்தாள்.

ஒரு நாள் அவள் ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்தாள். அவள் வந்திறங்கியபோது கூட வந்த துணிப்பையின் உள்பையில் இருந்ததாம். வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. "எங்கள் ஊரில் சாமி படத்துக்குப் பின்னால் ஜெபம் எழுதியிருக்குமே, அது மாதிரி ஏதாவதா?" என்று கேட்டாள். அது தடுப்பூசி அட்டை. பெயர்: முத்துமாரி. தகப்பனார்: கருப்பசாமி. தாயார்: பொன்னுத்தாய். கீழே ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவளுடைய தத்துப் பத்திரத்தில் 'பெற்றோர் யாரெனத் தெரியவில்லை' என்று இருந்தது.

அதனால்தான் இந்தப் பயணம்.

மதுரையிலிருந்து நானும் மார்த்தாவும் காலை 7.10க்குக் கிளம்பினோம். கார் வாடகை டீசலோடு நாளுக்கு 3,500 ரூபாய். சாத்தூர் 76 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அங்கே லாட்ஜில் ஓர் அறை 1,400. சுமாராக இருந்தது, தண்ணீர் வந்தது. ஏழாயிரம்பண்ணை அங்கிருந்து 17 கிலோமீட்டர். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காய்ந்த காடு, நடுநடுவே தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்னப் பட்டாசு அறைகள். ஒன்று வெடித்தால் அடுத்தது பிடிக்கக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. ஓட்டுநர் செல்வம் சாத்தூர்க்காரர். "கம்பெனி வாசல்ல போய் நிக்காதீக. ஆக்சிடென்ட் கேக்க வந்த ஆளுகனு நெனச்சிருவாக. சாயந்தரம் வேலை முடிஞ்சு ஆளுகள ஏத்திட்டு வேன் வரும், ஊருக்குள்ள வச்சுக் கேளுங்க" என்றார். நல்ல யோசனை.

அந்த ஊரின் பெயரைக் குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. விசாரித்ததில் கருப்பசாமியின் தங்கை பேச்சியம்மாள் இருக்கிறார் என்று தெரிந்தது. 5.40க்கு வேன் வந்தது. முழங்கை வரை வெள்ளி நிறப் பட்டாசு மருந்துப் பொடி அப்பியிருந்த பெண்கள் இறங்கினார்கள். ஊர்க்காரர்கள் காட்டிய பேச்சியம்மாள் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கம்பெனி விசயமா நான் ஒண்ணும் பேச மாட்டேன், தாயி."

"கம்பெனி விஷயம் இல்லம்மா. முத்துமாரினு ஒரு பிள்ளை..."

அவர் கையிலிருந்த சாப்பாட்டு வாளி கீழே விழுந்தது. மார்த்தாவை நிமிர்ந்து பார்த்தார். அட்டையைக் காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "எங்க அண்ணன் மூஞ்சி" என்றார். கட்டிப் பிடிப்பார் என்று நினைத்தேன். இரண்டடி பின்னால் போய், பொடி ஒட்டிய கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "மேல பட்டா அரிக்கும். கழுவிட்டு வாரேன்."

கழுவிவிட்டு வந்து அவர் சொன்னதை நான் மார்த்தாவுக்கு இத்தாலிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"எங்க மதினி கம்பெனில தீப்பிடிச்சு அங்கனயே போயிட்டா. அண்ணனுக்கு ரெண்டு கையும் வெந்து போச்சு. பிள்ளைக்குச் சோறு ஊட்ட முடியல. நான் அப்பப் பிள்ளை பெத்துக் கெடக்கேன். டவுன்ல ஒரு இல்லத்துக்காரரு வந்து, கை ஆறுற வரைக்கும் நாங்க பாத்துக்கிடுதோம்னாரு. நம்பி விட்டான். ஏழு மாசம் கழிச்சுப் போனா, மெட்ராசுல பெரிய ஸ்கூலுக்கு அனுப்பிட்டோம்ங்காக. மறுக்காப் போனா, அப்பிடி ஒரு பிள்ளையே இங்கன இல்லைனுட்டாக."

"எவ்வளவு நாள் தேடினாரு?" என்று கேட்டேன்.

"சாகுற வரைக்கும். செத்து ரெண்டு வருசம் ஆகுது."

மொழிபெயர்க்கும்போது இந்த வாக்கியத்தில் மட்டும் தடுமாறினேன். மார்த்தா அழவில்லை. "இரண்டு வருஷம்" என்று மட்டும் திருப்பிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அத்தை எங்களை இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாத்தூரிலிருந்து 8 கிலோமீட்டர். ஆடி வெள்ளிக்குப் போகிறவர்கள் கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள். நாங்கள் போன அன்று காலாற நடக்க முடிந்தது. கோயில் வாசலில் ஓர் இடத்தைக் காட்டி அத்தை சொன்னார்: "வருசா வருசம் இங்கனதான் உக்காந்திருப்பான். போற வார பிள்ளைக மூஞ்சியப் பாப்பான். மொதல்ல சின்னப் பிள்ளைகளப் பாத்தான். பெறகு பாவாடை தாவணியப் பாத்தான். கடைசில கைப்பிள்ளையோட வார பொம்பளைகளப் பாத்தான். ஒரு தடவ எவனோ தப்பா நெனச்சு அடிச்சுப் போட்டான்."

அங்கே நான் சாமி கும்பிடவில்லை.

திங்கள்கிழமை விருதுநகரை ஒட்டிய சூலக்கரை. சாத்தூரிலிருந்து வரும் நாற்கரச் சாலையிலேயே வரும். முக்கால் மணி நேரம். அந்த இல்லம் மூடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. அதன் பழைய கோப்புகள் இங்கே ஓர் அரசு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. தத்துப் பத்திரத்திலிருந்த இல்லத்தின் பெயரைச் சொல்லி மார்த்தா முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால் கோப்பை எடுத்து வைத்திருந்தார்கள். அத்தை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எங்களோடு வந்தார்.

ஒரே ஒரு பக்கம்தான். அத்தைக்கு எழுத்துத் தெரியாது. "வாசி, தாயி" என்றார். வாசித்தேன்: "பெண் குழந்தை, வயது சுமார் நான்கு. அதிகாலையில் இல்லத்தின் வாசலில் கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டது. உறவினர் எவரும் தேடி வரவில்லை."

"யாரு தேடி வரல?"

கடைசி வரியை மறுபடி வாசித்தேன்.

"எவன்லே எழுதுனது இத? எங்க அண்ணன் பிள்ளைய வாசல்லயா போட்டுட்டுப் போனான்? அவுக ஆபீசுல அண்ணன் நிக்காத நாளு உண்டா? காலைத் தொட்டுக் கேட்டானே!" அலுவலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அங்கிருந்த எழுத்தர் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். நல்ல மனிதர். "ஆத்தா, இத எழுதுனவுக யாருமே இப்ப இல்ல. ஃபைல்ல இருக்கறத நான் திருத்த முடியாது. கோர்ட்டுக்குத்தான் போகணும். வேணா ஒரு மனு எழுதிக் குடுங்க, இதோட சேத்து வச்சிருதேன்."

நான் எழுதினேன், அத்தை சொல்லச் சொல்ல. நாலே வரி. 'என் அண்ணன் கருப்பசாமி தன் மகள் முத்துமாரியைக் கைவிடவில்லை' என்பதுதான் முதல் வரி. அத்தை கைரேகை வைத்தார். அந்தப் பொய்க்குப் பக்கத்தில் இந்தத் தாளையும் நூலால் கோத்துக் கட்டினார்கள். முப்பத்தொரு வருடத்துக்கு இந்த ஊரில் கிடைத்த நியாயம் அவ்வளவுதான்.

இதே மாதிரி தேடி வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தத்துப் பத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். அதில் 'தெரியவில்லை' என்றிருந்தால் யாருக்குத் தெரியவில்லை என்று கேளுங்கள். குழந்தையோடு வந்த துணி, சீட்டு, அட்டை எதுவானாலும் தமிழ் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். கோப்பு வேண்டுமென்றால் இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். வேலை நாளில் தொழிற்சாலைப் பெண்களைப் பகலில் தேடாதீர்கள், அவர்களுக்குத்தான் தொந்தரவு. பேசத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த ஆளாக நீங்கள் இருக்க நேர்ந்தால், மூன்று நாளும் எல்லாக் கெட்ட செய்தியும் உங்கள் வாயிலிருந்துதான் வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலை 4.20க்கு விருதுநகரில் அத்தையைச் சாத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். மறுநாள் வேனுக்குப் போக வேண்டும், மறுபடியும் காரில் போய் இறங்கினால் ஊர் பேசும் என்று மறுத்துவிட்டார். பஸ் போன பிறகு, பஸ் ஸ்டாண்டு இரைச்சலிலேயே மார்த்தா நேப்பிள்ஸில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோவில் பேசினாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். தீ, வெந்த கை, இல்லம், கோப்பு. எழுபத்தெட்டு வயது மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். யாருக்கும் வேண்டாத பிள்ளையை எடுத்து வளர்த்தோம் என்று முப்பத்தொரு வருடம் நினைத்திருந்தவர். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் எத்தனை வருஷம் உன்னைத் தேடினார்?"

மார்த்தா என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"ஒரு வருஷம்தான், அப்பா" என்றாள்.