காபனோரொட்சைட்டு

ஒன்பதாம் வகுப்பில் ‘ஒட்சைட்டு’ என்ற சொல் எனக்குக் கிடைத்தபோது பொகவந்தலாவையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒட்சிசன் இன்னொரு மூலகத்தோடு சேர்ந்து உண்டாகும் சேர்வைக்கு அந்தப் பெயர். கூரைத் தகரத்தின் துரு இரும்பின் ஒட்சைட்டு. குடிக்கும் தண்ணீரும் ஐதரசனின் ஒட்சைட்டுதான். தாகமென்று வந்த அப்பாவிடம், “இந்தாங்கப்பா, ஒட்சைட்டு” என்று செம்பை நீட்டினேன். சீக்கிரமே எல்லாருக்கும் அலுத்துவிட்டது.

அந்த வாரம்தான் சித்தி, பிறந்த குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்காவான அத்தை, குளிருக்காகச் சட்டியில் கரிநெருப்பை அள்ளிக் காம்பராவுக்குள் வைத்தாள். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் கதவைத் தள்ளியபோது சித்தி சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

“தலை வெடிக்குதுடி. கொமட்டிக்கிட்டே வருது.”

பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றாள் அத்தை.

எனக்குப் பாடம் நினைவுக்கு வந்தது. காற்று தாராளமாக இருந்தால் கரி எரிந்து காபனீரொட்சைட்டு வரும், போதாவிட்டால் காபனோரொட்சைட்டு. ‘ஈர்’ என்றால் இரண்டு ஒட்சிசன், ‘ஓர்’ என்றால் ஒன்று. அந்த ஒன்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும்.

“அத்தே, இது ஓரொட்சைட்டு! கதவைத் தொறங்க!”

“ஆரம்பிச்சிட்டியா ஒன் ஒட்சைட்ட?”

அவள் கதவைச் சாத்தினாள். நான் திறந்தேன். மறுபடியும் சாத்தினாள். இனிப் பேசிப் பயனில்லை. சாக்கை உருவிச் சட்டியைச் சுற்றிப் பிடித்து, அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பவளைப்போல வாசலுக்கு ஓடி, நெருப்பை மழையில் கொட்டினேன்.

அத்தை என் கன்னத்தில் அறைந்தாள்.

“புள்ள வெறைச்சுப் போச்சுன்னா நீயாடி பதில் சொல்லுவ?”

நான் நகரவில்லை. திறந்த கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். ஈரக்காற்று பட்டதும் குழந்தை வீறிட்டது. கொஞ்ச நேரத்தில் சித்தி தானாக எழுந்து உட்கார்ந்தாள்.

“இப்ப தேவலங்க அண்ணி.”

அத்தை குழந்தையை வாங்கி மார்போடு அணைத்து, தன் சேலையால் சுற்றிக்கொண்டு, இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

விஞ்ஞானம் தெரியாததால்தான் அடித்தாள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அத்தைக்கும் ஒரு மகன் பிறந்து, அப்படியொரு மழைக்காலத்தில், மூட்ட விறகில்லாத காம்பராவில், குளிர் தாங்காமல் இறந்துபோனான் என்று அம்மா சொன்னது, நான் பெரியவளான பிறகுதான்.