வெர்னா வாங்கிய ஒளிப்புள்ளிகள்

வெர்னா டாலிவர் முப்பத்தொரு வருஷம் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநில மண்சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எதையும் வாங்கமாட்டார். அறுபத்து மூன்று வயதில், துப்பாக்கிக் கழகத்தின் மங்கல் வெளிச்சப் போட்டியில் அவருடைய குண்டுகள் இலக்கைவிட்டு விலகத் தொடங்கின. குறிபார்க்கக் கைத்துப்பாக்கி முனையில் வைத்திருந்த வெள்ளைப் புள்ளி அவர் கண்ணுக்கு அகப்படவே இல்லை.

ராய்ஸ் ஹாட்சரின் துப்பாக்கிக் கடைக்குப் போனார். சின்ன வயதில் அவர் ஓட்டிய பேருந்தில் பள்ளிக்குப் போய்வந்தவன் ராய்ஸ். நாற்பதைத் தாண்டியும் அவரைப் பார்த்தால் கொஞ்சம் நிமிர்ந்துகொள்வான். குழல் முனையில் ஒன்று, பின்பக்கம் இரண்டு என இருட்டில் தானே ஒளிரும் புள்ளிக் குறிகள் பொருத்திய இரண்டு மாதிரித் துப்பாக்கிகளை எடுத்துவைத்தான். பேட்டரி எங்கே என்று கேட்டார். அது தேவையில்லை, பொடிக் கண்ணாடிக் குழாய்க்குள் டிரிட்டியம் என்ற வாயு இருக்கிறது, அதுதான் உள்பூச்சை ஒளிரவைக்கிறது, பன்னிரண்டு வருஷத்தில் பாதியாக மங்கிவிடும் என்றான்.

"அப்ப எனக்கு எழுபத்தஞ்சு. ரெண்டு பேரும் சேர்ந்தே மங்குவோம்" என்ற வெர்னா, இருட்டான இடம் கேட்டார்.

சரக்கறைக்குக் கூட்டிப்போய் விளக்கை அணைத்தான். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி இருந்த திசையில் முதல் துப்பாக்கியை நீட்டினார். மூன்று பச்சைப் புள்ளிகள் வரிசையாக நின்றன. சரி என்றதும் ராய்ஸ் விளக்கைப் போட்டான். குழல் நாள்காட்டியை விட்டு, ஓரத்திலிருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்புள்ளி பின்புள்ளிகளுக்கு நடுவில் இல்லை, இடப்பக்கம் தள்ளி நின்றது.

"மூணும் ஒரே பச்சையா இருந்தா எது முன்னாடி, எது பின்னாடின்னு எப்படிடா தெரியும்?"

ராய்ஸ் தலையைச் சொறிந்தான். "ஒம்பது வருஷமா இதை விக்கிறேன் மிஸ் வெர்னா. இப்படி நான் பார்த்ததே இல்ல."

அடுத்ததில் முன்புள்ளி பளிச்சென்ற பச்சை, பின்னவை இரண்டும் மங்கிய மஞ்சள். நாலு தடவை விளக்கை அணைத்துப் பார்த்தார்கள். நாலு தடவையும் குழல் நாள்காட்டியில்தான் நின்றது.

"எதிர்ல நிக்கிறது யாருன்னு இது காட்டுமா?"

"காட்டாது. அதுக்கு டார்ச்தான்."

பூசிமெழுகாத அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது வகையையே தன் துப்பாக்கியில் பொருத்தச் சொன்னார். முதல் நாள் குண்டுகள் நாலு விரற்கடை வலப்பக்கம் போயின. ராய்ஸ் பின்குறியை மயிரிழை நகர்த்திக் கொடுத்தான். அடுத்த போட்டியில் வெர்னா பத்தொன்பது பேரில் ஏழாவதாக வந்தார். திங்கட்கிழமை காலை, கேட்ட தகவலைத் தேடிச் சொல்லும் ஊர் நூலகத்துக்கு ஃபோன் போட்டு, டிரிட்டியத்தை எங்கே தயாரிக்கிறார்கள் என்று விசாரித்தார்.